வாசகர் கேள்வி – பதில்: இரண்டு மாத்திரைகளும் ஓர் ஆய்வகமும்

சென்ற இதழில் உயிர்வேதியியலாளர் எல்லாப்பிரகட சுப்பாராவைப் பற்றி வெளியான கட்டுரைக்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், வீட்டில் ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரை வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அவற்றிலிருந்து சில கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் பெயரைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் மகள் வயிற்றுப் பேரனுக்கு ஆறு வயது. ஏ.எல்.எல். என்னும் ரத்தப் புற்றுநோய்க்கு ஊசி மருந்துகளெல்லாம் முடிந்து, இப்போது வீட்டிலேயே மாத்திரை கொடுத்து வருகிறோம். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரு நாள், மெர்காப்டோபியூரின் தினமும் இரவில். மெத்தோட்ரெக்சேட் சுப்பாராவின் கொடை என்று எழுதியிருந்தீர்கள். அவர் அதை எப்படிக் கண்டுபிடித்தார்? (வாசகி, கும்பகோணம்)

அம்மா, தாங்கள் ஒரு மருந்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடிதத்தில் உள்ள இரண்டு மாத்திரைகளின் வரலாற்றையும் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனால், பாஸ்டன் நகரில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்க் என்பவர் நடத்திய ஒரே ஆய்வகத்தில் போய் நிற்போம். சுப்பாராவ் அங்கே 1920களில் சேர்ந்து உழைத்தார். ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்ற இளைஞர் 1930களின் தொடக்கத்தில் அங்கேதான் முனைவர் பட்டத்துக்கான ஆய்வைச் செய்தார். பிற்காலத்தில் சுப்பாராவ் தலைமை தாங்கிய குழுவிலிருந்து மெத்தோட்ரெக்சேட் வந்தது. ஹிட்சிங்ஸும் கெர்ட்ரூட் எலியனும் சேர்ந்து 1950களின் தொடக்கத்தில் மெர்காப்டோபியூரினைக் கொண்டுவந்தார்கள். தங்கள் வீட்டு அலமாரியில் அவை பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை எண்ணும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

சுப்பாராவ் 1895ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முறைதான் தேறினார். அதுவும் சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது. பிறகு மாநிலக் கல்லூரி, அதன் பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்திக்கொண்டு அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் போனதால் அவருக்கு எம்.பி.பி.எஸ். மறுக்கப்பட்டு, அதற்குக் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சில காலம் உடற்கூறு கற்பித்துவிட்டு, 1922இல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அங்கே படித்த காலத்தில் ஒரு மருத்துவமனையில் இரவுநேரக் கடைநிலை ஊழியராக வேலை பார்த்துத்தான் வயிற்றைக் கழுவினார்.

அவர் மனத்தில் ஒரு நோய் உறுத்திக்கொண்டே இருந்தது. ஸ்ப்ரூ என்று சொல்லப்படும் வெப்பமண்டல வயிற்றுப்போக்கு அவருடன் பிறந்தவர்களின் உயிரைப் பறித்திருந்தது. அந்நோயில் உடல் மெலிந்து, ரத்தம் குன்றி, சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து உருவத்தில் பெரிதாகிவிடும். இதே விதமான சோகையை பம்பாயின் ஏழைக் கர்ப்பிணிகளிடம் ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்ட் சாற்றைக் கொடுத்தால் அவர்கள் தேறுகிறார்கள் என்று 1931இல் எழுதியிருந்தார். ஈரலிலும் ஈஸ்ட்டிலும் கீரையிலும் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருளைப் பல ஆய்வகங்கள் தேடின. 1940இல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்கு வந்த சுப்பாராவ், ஒரு பெரிய வேதியியலாளர் குழுவைத் திரட்டி அதைப் பிரித்தெடுக்கவும், 1945 வாக்கில் செயற்கையாகத் தயாரிக்கவும் வழிசெய்தார். அதுவே ஃபோலிக் அமிலம். ஸ்ப்ரூ நோயாளிகளுக்கு அது கைகொடுத்தது. சுப்பாராவின் வீட்டுத் துயரத்துக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

இனிமேல் வருவது தாங்கள் கேட்ட பகுதி. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற நோய்க்குறியியல் மருத்துவர், ரத்தப் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் உடல்களைப் பரிசோதித்துப் பரிசோதித்துச் சலித்துப்போயிருந்தார். அக்காலத்தில் அந்நோய் வந்த குழந்தை பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோதான் இருக்கும். லெடர்லேயிலிருந்து வந்த ஃபோலிக் அமிலச் சேர்மங்களை அவர் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளின் எலும்பு மஜ்ஜையில் நோய் செல்கள் முன்னைவிட வேகமாகப் பெருகுவதாக அவருக்குத் தெரிந்தது. நல்லது செய்யும் என்று கொடுத்த சத்து தீங்கு செய்கிறது என்று நினைத்த ஒருவர் கோப்பை மூடி வைத்திருக்கலாம். ஃபார்பரோ அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்: இந்தச் சத்து நோய் செல்லை வளர்க்கிறது என்றால், இச்சத்தைப் போலவே தோற்றம் கொண்டு ஆனால் வேலை செய்யாத ஒரு போலியைக் கொடுத்தால் அந்தச் செல் பட்டினி கிடக்குமல்லவா? அப்படிப்பட்ட போலிகள் பேர்ல் ரிவரில் தயாராகிக்கொண்டிருந்தன. அவற்றில் வலிமையானது அமினோப்டெரின். அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட்டும் அந்த ஆய்வகத்திலேயே பிறந்தது.

1947 டிசம்பரில் அமினோப்டெரின் முதல் குழந்தைக்கு ஏற்றப்பட்டது. 1948ஆம் ஆண்டு ஜூன் 3ஆம் நாள் வெளியான மருத்துவ இதழில் ஃபார்பர் குழுவினர் 16 குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். 10 குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அது நிலைக்கவில்லை. அது தற்காலிகமானதே என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் குறிப்பிட்டிருந்தார்கள். இந்நேர்மை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அடுத்த இருபது ஆண்டுகளில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதும், முதுகுத்தண்டு நீரில் மெத்தோட்ரெக்சேட்டை ஏற்றுவதும், நோய் மறைந்த பிறகும் ஆண்டுக்கணக்கில் மாத்திரையைத் தொடர்வதும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இன்று நல்ல சிகிச்சை வசதி உள்ள நாடுகளில் இந்நோய் வந்த குழந்தைகளில் 10 பேருக்கு ஏறத்தாழ 9 பேர் பிழைக்கிறார்கள்.

ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு ஒருநாள் மாத்திரையும் தினசரி மாத்திரையும் எந்த நாளும் இடம் மாறிவிடக் கூடாது. மெத்தோட்ரெக்சேட்டைத் தவறுதலாகத் தினமும் கொடுத்தால் வாய்ப்புண்ணில் தொடங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டையும் வெவ்வேறு டப்பாவில் வைத்து, வாரமாத்திரை டப்பாவின்மேல் கிழமையின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். தாங்கள் ஊருக்குப் போகும் நாளில் வேறு யாராவது கொடுக்க நேர்ந்தாலும் தவறு நேராது.

கேள்வி: சுப்பாராவ் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர் என்று எங்கள் பாடநூலில் ஒரு வரி வருகிறது. பாஸ்பரஸை அளப்பதற்கு முறை கண்டவர் என்று இன்னொரு வரி. இவற்றுக்கும், செல்லுக்குள் நடக்கும் ஆக்சிஜனேற்றத்துக்கும் என்ன தொடர்பு? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பாடநூலில் அவை இரண்டு வரிகளாக இருந்தாலும், உண்மையில் ஒன்றிலிருந்துதான் மற்றது முளைத்தது. நான் முதுகலை உயிர்வேதியியல் படித்த காலத்தில் செய்முறை வகுப்பில் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறையைச் செய்திருக்கிறேன். நீங்களும் விரைவில் செய்வீர்கள். சோதனைக்குழாயில் உள்ள அமிலக் கரைசலில் அம்மோனியம் மாலிப்டேட்டை விட்டு, அதன்மேல் ஆன்சா என்று நாங்கள் சுருக்கமாகச் சொல்லும் ஒடுக்கியைச் சில துளிகள் சேர்த்தால், பாஸ்பேட் இருக்குமானால் கரைசல் நீலமாக மாறும். எவ்வளவு பாஸ்பேட்டோ அவ்வளவு நீலம். 1925இல் வெளியான இந்த முறை இவ்வளவு எளியது.

சாதாரண பாஸ்பேட் கரைசலில் நீலம் சில நிமிடங்களில் முழுமையாக ஏறி நின்றுவிடும். ஆனால் புதிதாக எடுத்த தசையின் சாற்றைச் சோதித்தபோது, முதலில் வெளிறிய நீலம் தோன்றி, நேரம் போகப்போக அது மேலும் மேலும் அடர்ந்துகொண்டே போனதை ஃபிஸ்க்கும் சுப்பாராவும் கவனித்தார்கள். சாறு கலங்கலாக இருந்திருக்கும், மருந்து பழசாக இருந்திருக்கும் என்று எத்தனையோ காரணம் சொல்லிக் கழுவி ஊற்றிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. தசையில் வேறு ஏதோ ஒரு பொருள் பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது, குழாயில் உள்ள அமிலத்திலும் மாலிப்டேட்டிலும் அது கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து பாஸ்பேட்டை விடுவிக்கிறது, அதனால்தான் நிறம் தாமதமாக ஏறுகிறது என்று ஊகித்து, அப்பொருளைத் தேடிப் பிடித்தார்கள். அதுவே 1927இல் அவர்கள் அறிவித்த பாஸ்போகிரியேட்டின். தசையைத் தூண்டி வேலை வாங்கினால் அது குறைகிறது, ஓய்வு கொடுத்தால் மீண்டும் நிரம்புகிறது என்பதையும் காட்டினார்கள். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அதுவரை நம்பப்பட்டிருந்ததால், இக்கண்டுபிடிப்பு உடலியங்கியலையே புரட்டிப்போட்டது. செல்லின் ஆற்றலைத் தாங்கும் மூலக்கூறான ஏ.டி.பி.யையும் 1929இல் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதைக் கண்டறிந்தார்; இருவருக்கும் உரிய பெருமையைக் கொடுப்பதே முறை.

இனி ஆக்சிஜனேற்றத்துக்கு வருவோம். நாம் உண்ட சர்க்கரையும் கொழுப்பும் செல்லுக்குள் ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகின்றன. அடுப்பில் விறகு எரிவது போல ஒரே மூச்சில் எரிந்து சூடாக வீணானால் செல் பிழைக்காது. ஆகவே மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பில் அது படிப்படியாக நடந்து, கிடைக்கும் ஆற்றல் ஏ.டி.பி.யின் பாஸ்பேட் பிணைப்பாகச் சேமிக்கப்படுகிறது. இப்பிணைப்பே உயிரினங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான செலாவணி என்பதை 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மன் தெளிவாக எடுத்துரைத்தார். அந்தச் செலாவணியின் நாணயத்தை முதலில் கையில் எடுத்துப் பார்த்தவர்களில் ஒருவர் சுப்பாராவ்.

கேள்வி: "புற்றுநோய் செல் சர்க்கரையை மட்டுமே தின்னும், அதற்கு ஆக்சிஜனோ கொழுப்போ ஆகாது, இதைக் கண்டுபிடித்ததற்காக ஓட்டோ வார்பர்க் 1931இல் நோபல் பரிசு பெற்றார், எனவே சர்க்கரையை நிறுத்தினால் போதும்" என்று ஒரு தகவல் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கிறது. என் அண்ணனுக்கு ஏ.எம்.எல். என்னும் ரத்தப் புற்றுநோய். இதை நம்பலாமா? (வாசகர், கோயம்புத்தூர்)

நம்ப வேண்டாம். இதில் வார்பர்க்கின் பெயரும் ஆண்டும் மட்டுமே சரி. அவருக்கு 1931இல் பரிசு கிடைத்தது, செல் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதற்கு உதவும் சுவாச நொதியின் இயல்பையும் செயலையும் கண்டறிந்ததற்காக. புற்றுநோயின் காரணத்தைக் கண்டதற்காகப் பரிசு வழங்கப்பட்டதாகச் சொல்வது தவறு.

ஆனால் வார்பர்க்கைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 1883இல் பிறந்த அவர், மருத்துவப் பட்டம் பெறுவதற்கு முன்பே கடல் முள்ளெலியின் முட்டை கருவுற்றதும் எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சுகிறது என்று அளந்தவர். மெல்லிய திசுத் துண்டை ஒரு சிறு குடுவையில் இட்டு, அதோடு பொருத்திய கண்ணாடிக் குழாயில் திரவத்தின் மட்டம் ஏறி இறங்குவதைக் கொண்டு அத்திசு எவ்வளவு சுவாசிக்கிறது என்று கணக்கிடும் கருவியை அவர் செம்மைப்படுத்தினார். பல பத்தாண்டுகளுக்கு உலக ஆய்வகங்களெல்லாம் அதையே பயன்படுத்தின. 1920களில் எலியின் புற்றுக்கட்டித் துண்டுகளை அதில் இட்டபோது, ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தும் அவை சர்க்கரையை முழுமையாக எரிக்காமல் லாக்டிக் அமிலமாக மாற்றித் தள்ளுவதைக் கண்டார். இந்தக் கவனிப்பு இன்றுவரை சரியானது. பெட் ஸ்கேன் எடுக்கும்போது கட்டி ஒளிர்வதற்கு, அது சர்க்கரையை மிகுதியாக இழுப்பதே காரணம்.

பிழை நேர்ந்தது அவர் எடுத்த முடிவில். புற்றுநோய் செல்லின் சுவாசமே பழுதாகிவிட்டது, நோய்க்கு மூலகாரணமும் அதுவே என்று வார்பர்க் வாதிட்டார். அமெரிக்காவில் சிட்னி வைன்ஹவுஸ், அடையாளமிட்ட கார்பன் அணுக்களைக் கொண்ட சர்க்கரையையும் கொழுப்பு அமிலங்களையும் கட்டித் துண்டுகளுக்குக் கொடுத்து, வெளிவரும் கரியமில வாயுவில் அந்த அடையாளம் இருக்கிறதா என்று 1950களின் தொடக்கத்தில் பார்த்தார். இருந்தது. அதாவது புற்றுநோய் செல்லும் கொழுப்பு அமிலத்தை ஆக்சிஜனோடு சேர்த்து நன்றாகவே எரிக்கிறது. 1956இல் இருவரும் அறிவியல் இதழில் கடுமையாக மோதிக்கொண்டார்கள். வார்பர்க் 1970இல் இறக்கும்வரை தம் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அவ்வளவு பெரிய அறிஞர் தம் கருவி காட்டியதைவிட ஒரு படி அதிகமாகப் பேசிவிட்டார் என்பது என் மதிப்பீடு.

உங்கள் அண்ணன் வெள்ளைச் சர்க்கரையைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் சோறு, பழம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் எடைதான் இறங்கும். ரத்தத்தில் சர்க்கரையின் அளவு உணவை நிறுத்தினாலும் பெரிதாகக் குறையாது. ஈரல் அதைத் தயாரித்து விட்டுக்கொண்டே இருக்கும். கீமோதெரபியைத் தாங்குவதற்கு உடம்பில் வலு வேண்டும்.

கேள்வி: கொழுப்பு அமிலம் எரிகிறது என்கிறீர்கள். எண்ணெய் செல்லுக்குள் எப்படி எரியும்? (வாசகர், காரைக்குடி)

இரண்டிரண்டு கார்பனாக வெட்டப்பட்டு எரிகிறது. இதை 1904இல் ஃபிரான்ஸ் க்னூப் கண்ட விதம் அழகானது. உடலால் எரிக்க முடியாத பென்சீன் வளையம் ஒன்றைக் கொழுப்பு அமிலத்தின் வாலில் அடையாளமாகக் கட்டி நாய்களுக்குக் கொடுத்தார். பிறகு சிறுநீரில் அந்த அடையாளம் எவ்வடிவில் வருகிறது என்று பார்த்தார். கார்பன் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் ஒரு பொருளும், இரட்டைப்படையாக இருந்தால் வேறொரு பொருளும் வந்தன. ஒவ்வொரு முறையும் இரண்டு கார்பன் கழன்றால்தான் கணக்கு அப்படி வரும். கதிரியக்க அடையாளங்கள் இல்லாத காலத்தில் செய்யப்பட்ட சோதனை இது.

1948, 49இல் யூஜீன் கென்னடியும் ஆல்பர்ட் லெனிஞ்சரும் இது மைட்டோகாண்ட்ரியாவில் நடப்பதைக் காட்டினார்கள். ஆனால் எரியத் தொடங்குவதற்கு முன் கொழுப்பு அமிலத்தைப் பற்றவைக்க ஏ.டி.பி. செலவாகிறது. விளக்கேற்றத் தீக்குச்சி ஒன்று செலவாவது போல. 16 கார்பன் கொண்ட பால்மிடிக் அமிலம் முழுவதும் எரிந்தால், அந்தச் செலவு போக நிகரமாகச் சுமார் 106 ஏ.டி.பி. கிடைக்கிறது.

கேள்வி: ஜெர்மனியைச் சேர்ந்த ஜோஹன்னா பட்விக் என்ற பெண் விஞ்ஞானி ஆளிவிதை எண்ணெயைத் தயிரில் கலந்து கொடுத்து லுக்கேமியாவைக்கூடக் குணப்படுத்தினார் என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, என் கணவருக்கு அதைக் கொடுக்கும்படி வற்புறுத்துகிறார். கொடுக்கலாமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பட்விக் (1908–2003) கொழுப்புகளின் வேதியியலைப் படித்தவர். காகித வண்ணப்பகுப்பு முறையில் கொழுப்பு அமிலங்களைப் பிரித்தறியும் வேலையில் பங்கெடுத்தவர். கெட்டுப்போன கொழுப்புகளால் செல்லின் சுவாசம் தடைப்படுகிறது, ஆளிவிதை எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களைப் பால்புரதத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அந்தச் சுவாசம் திரும்பும் என்று 1950களில் வாதிட்டார். இது வார்பர்க்கின் கருத்தின்மேல் எழுப்பப்பட்ட மாடி. கீழ்த்தளம் நிற்கவில்லை என்பதை மேலே சொன்னேன். அதைவிட முக்கியமானது, இந்த உணவைச் சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டு முறையாக நடத்தப்பட்டு, இதனால் புற்றுநோய் குணமாகும் என்று காட்டிய மருத்துவச் சோதனை ஒன்றுகூட இல்லை.

ஃபார்பர் 16 குழந்தைகளில் 10 பேருக்குப் பலன் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்ததும் நிலைக்கவில்லை என்று எழுதினார். உங்கள் சொந்தக்காரரிடம் இதே கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், அவர்களில் எத்தனை பேர் எவ்வளவு காலம் இருந்தார்கள்? அவர் உங்கள்மேல் உள்ள அக்கறையால்தான் சொல்கிறார்; அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆளிவிதை எண்ணெய் நஞ்சு அல்ல. சிகிச்சைக்குப் பதிலாக அதை நம்புவதுதான் ஆபத்து. இன்னொன்றும் உண்டு. கீமோதெரபிக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில், காய்ச்சாத பாலிலிருந்து செய்த தயிர், திறந்த பாத்திரத்தில் இருந்த பாலாடை போன்றவை கிருமித் தொற்றைக் கொண்டுவரலாம். உங்கள் கணவரின் ரத்த எண்ணிக்கையைப் பார்க்கும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: மெத்தோட்ரெக்சேட் ஃபோலிக் அமிலத்துக்கு எதிரி என்றால், லுக்கேமியாவுக்கு அதைச் சாப்பிடும் என் மகனுக்குக் கீரை கொடுக்கக் கூடாதா? மூட்டுவாதத்துக்கு இதே மாத்திரையைச் சாப்பிடும் என் நாத்தனாருக்கு மருத்துவரே ஃபோலிக் அமிலமும் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் வைட்டமின் மாத்திரைகளையும் சேர்த்துக் கொடுக்கலாமா? (வாசகி, சேலம்)

செல் பிரிவதற்குப் புதிய டி.என்.ஏ. வேண்டும், டி.என்.ஏ. தயாரிக்கச் செயல்படும் நிலையில் உள்ள ஃபோலேட் (ஃபோலிக் அமிலத்தின் வடிவம்) வேண்டும். ஃபோலேட்டை அந்த நிலைக்குக் கொண்டுவரும் நொதியின்மேல் மெத்தோட்ரெக்சேட் போய் உட்கார்ந்துகொண்டு, உண்மையான ஃபோலேட்டுக்கு இடம் விடாமல் செய்துவிடுகிறது. வேகமாகப் பிரியும் செல்தான் முதலில் தவிக்கும். அதனால்தான் லுக்கேமியா செல் சாகிறது; அதனால்தான் வாயின் உட்தோலும் புண்ணாகிறது.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் அளவு சிறியது. அங்கே நோக்கம் செல்லைக் கொல்வது அல்ல, அழற்சியைத் தணிப்பது. எனவே பக்கவிளைவைக் குறைக்க ஃபோலிக் அமிலத்தைச் சேர்த்தே எழுதுகிறார்கள். உங்கள் மகனின் நிலை வேறு. நாத்தனாரின் மாத்திரையை அவனுக்குக் கொடுப்பதோ, ஃபோலிக் அமிலம் கலந்த சத்து டானிக்கை மருந்துக் கடையில் நீங்களே வாங்கிக் கொடுப்பதோ கூடாது. மருந்தின் வேலையை அது கெடுக்கக்கூடும். மெத்தோட்ரெக்சேட்டை மிக அதிக அளவில் நரம்பில் ஏற்றும்போது, குறித்த மணிநேரம் கழித்து ஃபோலினிக் அமிலம் கொடுத்து நல்ல செல்களை மீட்பார்கள். அந்த நேரக் கணக்கு மருத்துவமனையின் பொறுப்பு. வழக்கமான உணவில் வரும் கீரையைப் பொதுவாக நிறுத்தச் சொல்வதில்லை; நன்றாகக் கழுவி வேகவைத்துக் கொடுங்கள்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளைப் பற்றி என் கருத்து கண்டிப்பானது: வேண்டாம். ஆக்சிஜனேற்றம் என்றாலே கெடுதி என்ற எண்ணம் விளம்பரங்களால் பரவியது. செல் உயிரோடிருப்பதே ஆக்சிஜனேற்றத்தால்தான். சில புற்றுநோய் மருந்துகள் நோய் செல்லைக் கொல்வதிலும் அதற்குப் பங்குண்டு. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட சோதனையில், பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் அதிகமாகவே வந்தது. வட அமெரிக்காவில் 35,000 ஆண்களிடம் நடந்த இன்னொரு சோதனையில், வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது என்று 2011இல் தெரிந்தது. கேரட்டிலும் நெல்லிக்காயிலும் இயற்கையாக உள்ள அளவைப் பற்றி நான் பேசவில்லை. மாத்திரையாக அடைத்து விற்கும் அளவைப் பற்றிச் சொல்கிறேன்.

கேள்வி: இவ்வளவு செய்தும் சுப்பாராவுக்கு ஏன் நோபல் பரிசு கிடைக்கவில்லை? (வாசகர், புதுச்சேரி)

ஃபார்பரின் கட்டுரை வெளியாகி இரண்டு மாதங்கள் சற்றே கடந்திருந்தபோது, 1948 ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துவிட்டார். தம் பெயரை முன்னிறுத்திக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு இருந்ததில்லை. ஹார்வர்டில் அவர் செய்த வேலைகள் சிலவற்றை ஃபிஸ்க் வெளியிட விடாததால் பிறர் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க நேர்ந்தது என்று ஹிட்சிங்ஸ் பிற்காலத்தில் சொன்னார். ஹிட்சிங்ஸுக்கும் எலியனுக்கும் 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. சுப்பாராவின் நூற்றாண்டான 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. நம் ஊர்களில் யானைக்கால் நோயைத் தடுக்க அரசு ஊழியர்கள் வீடுவீடாக வந்து கொடுத்த டி.இ.சி. மாத்திரையும் அவர் தலைமையிலான குழுவின் உழைப்பில் வந்ததே. அதை விழுங்கியவர்கள் எத்தனை கோடி!

கேள்வி: எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கிறேன். லுக்கேமியா, கொழுப்பு அமிலம், செல் சுவாசம் மூன்றும் சேரும் ஆராய்ச்சி இப்போது நடக்கிறதா? அதற்கு நான் என்ன படிக்க வேண்டும்? (மாணவர், மதுரை)

மிகவும் உயிர்ப்போடு நடக்கிறது. பெரியவர்களின் எலும்பு மஜ்ஜையில் கொழுப்புச் செல்கள் நிறைந்திருக்கின்றன. ஏ.எம்.எல். நோயின் செல்கள் அவற்றின் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, அவை தரும் கொழுப்பு அமிலத்தை எரித்து, மருந்துக்குத் தப்பிப் பிழைக்கின்றன என்பது இப்போது பலரும் ஆராயும் பொருள். கொழுப்பு அமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாயிலை அடைக்கும் எட்டோமோக்சிர் என்ற சேர்மம், ஆய்வகத்தில் லுக்கேமியா செல்களை மருந்துக்கு எளிதில் பணியவைக்கிறது என்று 2010இல் ஓர் அமெரிக்கக் குழு காட்டியது. ஆனால் முன்னரே இதய நோயாளிகளிடம் அதைச் சோதித்தபோது ஈரலுக்குப் பாதிப்பு தெரிந்திருந்ததால், அது மருந்தாகக் கைக்கு வரவில்லை. வெனிடோகிளாக்ஸ், அசாசிடிடின் ஆகிய இரண்டு மருந்துகளையும் சேர்த்து முதியவர்களுக்குக் கொடுக்கும் சிகிச்சையோ கைக்கு வந்துவிட்டது. அது லுக்கேமியாவின் மூலச்செல்களுக்கு அமினோ அமிலம் கிடைக்காமல் செய்து, அவற்றின் சுவாசத்தை அணைக்கிறது என்று 2018இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. நோய் திரும்பி வந்தவர்களிடம் அதே மூலச்செல்கள், அமினோ அமிலம் போனால் போகட்டும் என்று கொழுப்பு அமிலத்துக்கு மாறிக்கொள்கின்றன. அந்த மாற்றத்தை நல்ல செல்களுக்குத் தீங்கில்லாமல் தடுப்பது எப்படி என்பது இன்னும் விடை காணப்படாத கேள்வி. அது உங்கள் தலைமுறைக்காகக் காத்திருக்கிறது.

என்ன படிப்பது என்று கேட்டீர்கள். நொதிகளின் வேகவியல், அடையாளமிட்ட அணுக்களைக் கொண்டு பாதையைத் தொடர்வது, கொஞ்சம் புள்ளியியல், கொஞ்சம் கணினி நிரல் ஆகியவற்றை இப்போதே தொடங்குங்கள். அடுத்த பருவத்தில் பாஸ்பரஸ் செய்முறை வரும்போது, குறிப்பேட்டில் இறுதி அளவை மட்டும் எழுதிவிட்டு எழுந்து போகாதீர்கள். கலவையை ஊற்றிய நேரத்தையும், ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் நீலம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டு, குழாயின் முன்னால் அரை மணிநேரம் உட்கார்ந்திருங்கள்.